17 டாலர் கிட்டார்

மூன்று இதழுக்கு முன்னால் இந்தப் பகுதியில் ஒரு வாசகி, "வீட்டு வேலை செய்துகொண்டே கேட்க ஆங்கிலத்தில் ஒரு பாடகியைச் சொல்லுங்கள், வார்த்தை காதில் தெளிவாக விழ வேண்டும்" என்று கேட்டிருந்தார். அமெரிக்க கன்ட்ரி பாடகி லொரெட்டா லின் பெயரைச் சொல்லி நாலு வரியில் முடித்திருந்தேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அவரைப் பற்றித்தான். இருபத்தெட்டு வருஷமாக அவர் பாட்டோடு வாழ்கிறவள் நான். இதைவிட சந்தோஷமான வேலை எனக்கு வேறு கிடையாது. மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். இந்தப் பக்கம் முழுக்க லொரெட்டாவுக்கு.

கேள்வி: கன்ட்ரி இசை என்றால் தொப்பி போட்ட கௌபாய்கள் பாடுவது என்றுதான் நினைத்திருந்தேன். லொரெட்டா லின் அதில் எங்கே வருகிறார்?
– கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: தொப்பியும் குதிரையும் சினிமா வழியாகப் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. கன்ட்ரியின் வேர் அமெரிக்காவின் கிழக்கே, அப்பலாச்சியன் மலைகளில் இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்து குடியேறியவர்கள் கதைப்பாட்டையும் ஃபிடிலையும் கொண்டு வந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்து வரப்பட்டவர்கள் வழியாக பாஞ்சோ வந்தது. சர்ச் பாட்டும் சேர்ந்துகொண்டது. 1925-ல் நாஷ்வில் நகரில் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று பின்னால் பெயர் பெற்ற வானொலி நிகழ்ச்சி ஆரம்பித்த பிறகு, சனிக்கிழமை ராத்திரி என்றால் கிராமங்களில் ரேடியோவைச் சுற்றி உட்காருவது வழக்கமாகிவிட்டது.

அந்த மேடையில் பெண்கள் பாடினார்கள். ஆனால் அவர்கள் பாடியதைப் பெரும்பாலும் ஆண்கள்தான் எழுதினார்கள். 1952-ல் கிட்டி வெல்ஸ் தனிப் பாடகியாக கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தபோது, அந்தப் பாட்டை எழுதியவரும் ஓர் ஆண்தான். லொரெட்டா வந்த பிறகு நிலைமை மாறியது. நாலு குழந்தை பெற்று, துணி துவைத்து, புருஷனோடு சண்டை போட்டு, அந்தச் சண்டையைத் தானே பாட்டாக எழுதிப் பாடிய பெண் அவர். அதற்காகத்தான் அவர் எனக்கு இவ்வளவு முக்கியம்.

கேள்வி: அவர் பிறந்த ஊரை 'புட்சர் ஹாலர்' என்று எழுதியிருந்தீர்கள். 'ஹாலர்' என்றால் கத்துவது இல்லையா?
– ஆங்கில ஆசிரியை, ஈரோடு

பதில்: நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதன்முதலில் அவர் பாட்டு என்னிடம் வந்தது ஒரு பழைய கேசட்டில். ஒரு வரி கேட்பது, நிறுத்துவது, நோட்டில் எழுதுவது, திரும்ப ஓடவிடுவது என்று ஒரு பாட்டுக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். 'புட்சர் ஹாலர்' என்று வந்த இடத்தில் யாரோ கத்துகிறார்கள் என்று எழுதி வைத்திருந்தேன். ரொம்ப நாள் கழித்துத்தான் விவரம் தெரிந்தது. இரண்டு மலைகளுக்கு நடுவே உள்ள குறுகலான பள்ளத்தாக்கை 'ஹாலோ' என்பார்கள். மலைக்காரர்கள் பேச்சில் அது 'ஹாலர்' ஆகிவிடும். லொரெட்டா கடைசி வரை அப்படித்தான் சொன்னார். நாஷ்வில்லுக்குப் போனதும் பேச்சை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு, இவர் மாற்றிக்கொள்ளவில்லை.

கென்டக்கி மாநிலத்தின் கிழக்கில், வேன் லியர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்தப் பள்ளத்தாக்கு. 1932 ஏப்ரல் 14 அன்று அங்கே பிறந்தார். எட்டுக் குழந்தைகளில் இரண்டாவது. அப்பா டெட் வெப், ராத்திரியில் சுரங்க வேலை, பகலில் சோளக்கொல்லை. மரப்பலகை வீடு. காற்று புகாமல் இருக்க அம்மா சுவரில் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டியிருந்தார். அதில் ஒரு பக்கத்தில் நடிகை லொரெட்டா யங் படம். அந்தப் பெயரைத்தான் குழந்தைக்கு வைத்தார்கள்.

மின்சாரம் கிடையாது. பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோ இருந்தது. சனிக்கிழமை ராத்திரி ஆப்ரி நிகழ்ச்சியை அதில்தான் கேட்டார்கள். டெட் வெப் நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டுப்போன மனிதர். 1959-ல் இறந்துபோனார். மகளின் முதல் ரெக்கார்டு வந்தது 1960-ல். ஒரு பாட்டுகூட அவர் கேட்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கேள்வி: பதிமூன்று வயதில் கல்யாணம் ஆனவர் என்று படித்தேன். உண்மையா?
– வாசகி, மதுரை

பதில்: ரொம்ப நாள் உலகம் அப்படித்தான் நம்பியது. அவர் சுயசரிதையும் அப்படித்தான் சொன்னது, அதை வைத்து 1980-ல் வந்த படமும் அப்படித்தான் காட்டியது. 2012-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நிருபர்கள் கென்டக்கி ஆவணங்களைத் தேடிப் பார்த்தபோது, பிறந்த வருஷம் 1932 என்றும் கல்யாணம் 1948 ஜனவரி 10 என்றும் தெரிந்தது. அதாவது பதினைந்து முடிந்து பதினாறு ஆகவில்லை. மூன்று வயதைக் குறைத்துச் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். பாடகிக்கு வயது கூடக்கூட வாய்ப்பு குறைகிற தொழில் அது. என் கண்ணில் அது பெரிய குற்றமாகப் படவில்லை. பதினைந்தும் குழந்தை வயதுதான்.

மாப்பிள்ளை ஆலிவர் லின். எல்லோருக்கும் 'டூலிட்டில்', அவருக்கு 'டூ'. ராணுவத்திலிருந்து திரும்பிய இருபத்தொரு வயது இளைஞர். பள்ளிக்கூடத்தில் ஒரு பலகார ஏலம் நடந்தது. மாவுக்குள் இனிப்பு வைத்துச் சுடும் 'பை' என்ற பண்டத்தைப் பெண்கள் செய்து கொண்டு வருவார்கள், இளைஞர்கள் ஏலம் கேட்பார்கள். லொரெட்டா செய்ததை டூலிட்டில் 5 டாலருக்கு எடுத்தார். வாயில் வைத்தால் ஒரே உப்பு. சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டிருந்தார் லொரெட்டா. அப்படி ஆரம்பித்த பழக்கம் ஒரு மாதத்தில் கல்யாணத்தில் முடிந்தது.

கேள்வி: முறையாகச் சங்கீதம் கற்றவரா? மேடைக்கு எப்படி வந்தார்?
– இசை ஆர்வலர், திருச்சி

பதில்: யாரிடமும் கற்கவில்லை. கல்யாணமான கொஞ்ச நாளில் வேலை தேடி நாட்டின் இன்னொரு மூலைக்குப் போய்விட்டார்கள். கனடா எல்லைக்குப் பக்கத்தில், வாஷிங்டன் மாநிலத்தில் கஸ்டர் என்ற சின்ன ஊர். டூலிட்டிலுக்கு மரம் வெட்டும் வேலை. லொரெட்டா ஒரு பண்ணை வீட்டில் சமையல் செய்தார், ஸ்ட்ராபெர்ரி பறித்தார். குழந்தைகளைத் தூங்க வைக்கப் பாடியதைக் கேட்டுத்தான் டூலிட்டில் 1953-ல் சியர்ஸ் கடையில் 17 டாலர் கொடுத்து ஒரு ஹார்மனி கிட்டார் வாங்கி வந்தார். அப்போது லொரெட்டாவுக்கு வயது இருபத்தொன்று, நாலு குழந்தைகள். வேலை முடிந்து குழந்தைகள் தூங்கிய பிறகு, கம்பியைத் தடவித் தடவி அவராகவே சுரம் கண்டுபிடித்தார். மனப்பாடமாகத் தெரிந்த பாட்டு தீர்ந்துபோனதும் சொந்தமாக எழுத ஆரம்பித்தார்.

ஏழு வருஷம் போயிற்று. உள்ளூர் மன்றங்களில் பாடி, டக்கோமா நகரில் கன்ட்ரி பாடகர் பக் ஓவன்ஸ் நடத்திய டிவி நிகழ்ச்சியின் போட்டியில் ஜெயித்து, அதைப் பார்த்த ஒரு தொழிலதிபர் பணம் போட, 1960-ல் 'ஜீரோ' என்ற சின்ன கம்பெனியில் முதல் ரெக்கார்டு வந்தது. பாட்டின் பெயர் 'ஐயம் எ ஹாங்கி டாங்க் கர்ல்'. ஹாங்கி டாங்க் என்றால் பாட்டும் ஆட்டமும் உள்ள மலிவான மதுக்கடை. கணவன் விட்டுப்போன ஒரு பெண் அப்படி ஒரு கடையில் பீர் முன்னால் உட்கார்ந்து அழுததைப் பார்த்து எழுதியது.

கம்பெனிக்கு விளம்பரம் செய்ய வசதி இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் காரில் ரெக்கார்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் எங்கே ரேடியோ கோபுரம் தெரிந்தாலும் நிறுத்துவது. லொரெட்டா உள்ளே போய், "இது என் பாட்டு, போடுங்கள்" என்று கேட்பது. சாப்பாடு ரொட்டியும் மலிவு இறைச்சித் துண்டும், தூக்கம் காரிலேயே. அந்தப் பாட்டு பில்போர்டு என்ற இசைப் பத்திரிகையின் கன்ட்ரி பட்டியலில் 14-வது இடத்துக்கு ஏறியது. அதே வருஷம் அக்டோபர் 15 அன்று ஆப்ரி மேடையில் நின்றார். சின்ன வயதில் எந்த நிகழ்ச்சியைப் பேட்டரி ரேடியோவில் கேட்டாரோ, அதே நிகழ்ச்சி.

கேள்வி: பேட்ஸி கிளைனுக்கும் இவருக்கும் போட்டியா, நட்பா?
– வாசகர், சென்னை

பதில்: நட்பு. அதுவும் அக்கா தங்கை மாதிரி. 1961-ல், அப்போதே பேர் பெற்ற கன்ட்ரி பாடகியான பேட்ஸி கிளைன் பெரிய கார் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்போது நாஷ்வில்லில் எர்னஸ்ட் டப் ரெக்கார்டு கடையிலிருந்து ஒலிபரப்பாகும் நள்ளிரவு நிகழ்ச்சியில், புதிதாக ஊருக்கு வந்திருந்த லொரெட்டா, பேட்ஸிக்காக என்று சொல்லி பேட்ஸியின் பாட்டையே பாடினார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதைக் கேட்ட பேட்ஸி, "அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வா" என்று கணவரை அனுப்பினார்.

அன்றிலிருந்து துணிமணி கொடுத்தார், மேடையில் எப்படி நிற்பது என்று சொல்லிக்கொடுத்தார், புருஷன் சொல்வதற்கெல்லாம் தலையாட்டாதே என்றும் சொல்லிக்கொடுத்தார். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 1963 மார்ச் 5 அன்று விமான விபத்தில் பேட்ஸி இறந்தார். வயது முப்பது. அடுத்த வருஷம் லொரெட்டாவுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். ஒருத்திக்குப் பேட்ஸி என்று பெயர் வைத்தார்.

கேள்வி: அவர் பாட்டுகள் எல்லாம் சொந்த வாழ்க்கைதான் என்கிறார்களே, அப்படியே நடந்ததா?
– எழுத ஆசைப்படும் ஒரு வாசகி

பதில்: நீங்கள் எழுத ஆசைப்படுகிறவர் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒரு நாள் நிகழ்ச்சி தொடங்கும் முன் ஒரு பெண் மேடைக்குப் பின்னால் வந்தார். அழுகை. "என் புருஷன் அவளையும் கூட்டி வந்திருக்கிறான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்." லொரெட்டா திரையை விலக்கி எட்டிப் பார்த்தார். நன்றாக ஜோடித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். திரும்பி, அழுதுகொண்டிருந்தவரைப் பார்த்துச் சொன்னார்: உன் புருஷனைத் தட்டிக்கொண்டு போகிற அளவுக்கு அவள் பெண்ணே இல்லை. சொன்ன மாத்திரத்தில் அது பாட்டு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அங்கேயே உடைமாற்றும் அறையில் உட்கார்ந்து எழுதினார். 1966-ல் வந்த 'யூ ஐன்ட் உமன் இனஃப்' அதுதான்.

அழுதவர் வேறு ஒரு பெண். ஆனால் அந்த வலி லொரெட்டாவுக்குத் தெரியாததல்ல; டூலிட்டில் அப்படிப்பட்ட மனிதர்தான். 1968-ல் வந்த 'ஃபிஸ்ட் சிட்டி'யில் தன் புருஷனைச் சுற்றிவந்த ஒருத்தியை, விலகாவிட்டால் கை பேசும் என்று பெயர் சொல்லாமல் எச்சரிக்கிறார். குடித்துவிட்டு வந்து கொஞ்ச வராதே என்று சொல்லும் பாட்டு, தங்கை பெக்கி சூவோடு சேர்ந்து எழுதியது. அதுதான் 1967-ல் அவருக்கு முதல் நம்பர் ஒன்.

அந்தப் பாட்டுகளை எழுதி வைத்துப் படித்துப் பாருங்கள். அலங்காரச் சொல் ஒன்றுகூட இருக்காது. அடுப்படியில் நின்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்கிற வாக்கியம் அப்படியே முதல் வரியாக உட்கார்ந்திருக்கும். நாம் எழுதும்போது என்ன செய்கிறோம்? பேசும்போது வந்த நல்ல வரியை விட்டுவிட்டு, எழுத்துக்கென்று ஒரு வரியைத் தேடுகிறோம். லொரெட்டா தேடவில்லை. வாயில் வந்ததைக் காதால் கேட்டு, நல்லது எது என்று கண்டுபிடித்தார். அந்தக் காதுதான் அவருடைய உண்மையான திறமை என்று நினைக்கிறேன். குரலைவிடவும்.

கேள்வி: அவருடைய ஒரு பாட்டை ரேடியோக்கள் தடை செய்தன என்று கேள்விப்பட்டேன். அப்படி என்ன இருந்தது அதில்?
– நர்ஸாக வேலை பார்க்கும் வாசகி

பதில்: கருத்தடை மாத்திரை. பாட்டின் பெயரே 'த பில்'. வருஷா வருஷம் பிள்ளை பெற்றுக்கொண்டிருக்கும் ஒரு மனைவி கணவனிடம் பேசுகிறாள். நீ ஊர் சுற்றினாய், நான் வீட்டில் பிள்ளை பெற்றேன். இனிமேல் என்னிடம் மாத்திரை இருக்கிறது. அதைக் கோழிக்கூடு, அடைகாப்பு என்று பண்ணை வீட்டுப் பேச்சிலேயே சொல்லிக்கொண்டு போகிறாள். கோபத்தைவிட உற்சாகம்தான் அதில் அதிகம். அதுதான் சிலருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது 1960-ல். கல்யாணமாகாதவர்களுக்கும் கருத்தடை உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1972-ல். அதே 1972-ல் லொரெட்டா இந்தப் பாட்டைப் பதிவு செய்தார். கம்பெனி மூன்று வருஷம் வெளியிடாமல் வைத்திருந்து 1975-ல் விட்டது. பல வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. ஒரு போதகர் பிரசங்கத்திலேயே கண்டித்தார். ஆனாலும் கன்ட்ரி பட்டியலில் 5-வது இடம் வரை போனது, பாப் பட்டியலிலும் 70-வது இடத்துக்கு எட்டியது.

நீங்கள் நர்ஸ் என்பதால் உங்களுக்கு இது பிடிக்கும். டாக்டர்கள் தன்னிடம் வந்து, ஒதுக்குப்புறமான கிராமங்களில் துண்டுப்பிரசுரங்களால் செய்ய முடியாததை உங்கள் பாட்டு செய்துவிட்டது என்று சொன்னதாக லொரெட்டா சொல்லியிருக்கிறார். பிள்ளை பெற்ற காலத்தில் தனக்கு அந்த மாத்திரை கிடைத்திருந்தால் பாப்கார்ன் மாதிரி தின்றிருப்பேன் என்றும் சொன்னார். பெற்ற ஆறு பேர் மீதும் உயிரை வைத்திருந்தவர்தான் அவர். குழந்தைகளை நேசிப்பதும், எத்தனை பெறுவது என்று தானே முடிவு செய்ய ஆசைப்படுவதும் ஒரே மனதில் இருக்கலாம் என்பது எந்தத் தாய்க்கும் தெரியும்.

கேள்வி: குடிகாரக் கணவர், வேறு பெண்களோடு தொடர்பு, அடி உதை. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு கடைசி வரை கூடவே இருந்தவரை எப்படித் துணிச்சலான பெண் என்கிறீர்கள்? கோபமாகவே கேட்கிறேன்.
– வாசகி, கோவை

பதில்: உங்கள் கோபம் நியாயம். ஒரு வார்த்தையில் மறுத்துவிட்டுப் போக எனக்கு மனம் இல்லை.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டூலிட்டில் குடித்தார், அடித்தார், துரோகம் செய்தார். லொரெட்டா எதையும் மறைக்கவில்லை. ஒரு முறை அடித்தால் நான் இரண்டு முறை திருப்பிக் கொடுப்பேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அதை வீரமாகக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. அடித்தது அடித்ததுதான். நல்ல பாட்டுகள் பிறந்தன என்பதால் அது சரியாகிவிடாது. பதினைந்து வயதில் பிறந்த வீட்டை விட்டு, நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுபோகப்பட்ட பெண்ணுக்கு ஓடிப்போக இடம் எங்கே இருந்தது?

இன்னொரு பக்கமும் உண்டு. அந்தக் கிட்டாரை வாங்கியவர் அவர்தான். நீ ரேடியோவில் பாடுகிறவர்கள் அளவுக்குப் பாடுகிறாய் என்று சொல்லி, கூச்சத்தில் நடுங்கிய மனைவியை மேடைக்குத் தள்ளியவரும் அவர்தான். அவர் இல்லாவிட்டால் தன் பாட்டு வாழ்க்கையே இல்லை என்று லொரெட்டா கடைசி வரை சொன்னார். 1990களில் டூலிட்டில் சர்க்கரை வியாதி முற்றிப் படுக்கையில் விழுந்தபோது, பயணங்களைக் குறைத்துக்கொண்டு கூட இருந்து பார்த்துக்கொண்டார். 1996-ல் டூலிட்டில் இறந்தார். நாற்பத்தெட்டு வருஷக் குடித்தனம்.

பிரிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் சில நாள் அப்படித் தோன்றும். ஆனால் பிரிந்து வெளியே வந்த பிறகு பேசுகிறவர்கள் அப்போதும் இருந்தார்கள். உள்ளேயே இருந்துகொண்டு, கட்டிய புருஷன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, அவர் செய்ததை ஊர் முழுக்கப் பாட்டாகப் பாடியவர்கள் யார்? வெளியே வர முடியாத பெண்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு அவர் பாட்டு போய்ச் சேர்ந்தது, அவரும் அதே வீட்டில் இருந்ததால்தான். விவாகரத்தான பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கிறது என்று 1972-ல் 'ரேட்டட் எக்ஸ்' என்ற பாட்டில் பாடினார். வெளியே வந்தவர்களையும் அவர் விட்டுவிடவில்லை.

கேள்வி: கறுப்பினத்தவர் விஷயத்தில் கன்ட்ரி உலகம் மோசம் என்கிறார்களே. லொரெட்டா எப்படி?
– சட்டக் கல்லூரி மாணவி

பதில்: ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். 1970களின் தொடக்கத்தில் ஒரு விருது விழா. டிவியில் நேரடி ஒளிபரப்பு. சிறந்த பாடகர் விருதை வழங்க வேண்டியவர் லொரெட்டா. சார்லி பிரைட் ஜெயிக்க வாய்ப்பு இருந்தது. அவர் கறுப்பினப் பாடகர். அவர் பெயர் வந்தால் தொடாதே, விலகி நின்று கொடு என்று தன்னிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டதாக லொரெட்டா சொல்லியிருக்கிறார். உறையைப் பிரித்தார், சார்லி பிரைட் பெயர். மேடைக்கு வந்தவரைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்.

1972-ல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் 'ஆண்டின் சிறந்த கலைஞர்' விருது லொரெட்டாவுக்குக் கிடைத்தது. அந்த விருதைப் பெற்ற முதல் பெண். அதற்கு முந்தைய வருஷம் அதைப் பெற்றவர் இதே சார்லி பிரைட்தான்.

கேள்வி: கிரிஸ்டல் கேல் இவருக்கு உறவா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: கடைசித் தங்கை, அவரும் பாடகிதான். இயற்பெயர் பிரெண்டா கேல் வெப். லொரெட்டாவின் கம்பெனியில் ஏற்கெனவே பிரெண்டா லீ என்ற பாடகி இருந்ததால் பெயரை மாற்ற வேண்டியிருந்தது. 'கிரிஸ்டல்' என்ற ஹாம்பர்கர் கடைப் பலகையைப் பார்த்து அக்காதான் பெயர் வைத்தார். என் மாதிரிப் பாடாதே, உன் வழியில் பாடு என்றும் சொன்னார். தங்கை அதைக் கேட்டுக்கொண்டது நல்லதாயிற்று. 1977-ல் பெரிய வெற்றி.

கேள்வி: அவருடைய ஆகச் சிறந்த பாட்டு எது? ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: 'கோல் மைனர்ஸ் டாட்டர்'. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே கிடையாது.

மேலே சொன்ன அத்தனையும் அதில் இருக்கிறது. வேன் லியர் சுரங்கம், அப்பாவின் சோளக்கொல்லை, துணி துவைக்கும் பலகையில் தேய்த்துத் தேய்த்து அம்மாவின் விரல் கசிந்த ரத்தம், மண்ணெண்ணெய் விளக்கில் அம்மா பைபிள் படித்தது, குளிர்காலத்துக்குத் தபாலில் வரவழைத்த செருப்பு. ஏழைகளாக இருந்தோம் என்று அழுகிற பாட்டு இல்லை இது. இதுதான் எங்கள் வீடு என்று கதவைத் திறந்து காட்டுகிற பாட்டு.

முதலில் இன்னும் நீளமாக எழுதியிருந்தார். தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி, மார்ட்டி ராபின்ஸின் 'எல் பாஸோ' என்ற நீளமான பாட்டு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, இன்னொன்று வேண்டாம் என்று சொல்லி வெட்டச் சொன்னார். லொரெட்டா உட்கார்ந்து சில சரணங்களை எடுத்துவிட்டார். எடுத்தவற்றைப் பத்திரப்படுத்தவில்லை. பிற்பாடு அவை ஞாபகத்துக்கும் வரவில்லை. அதைப் பற்றி வருத்தத்தோடு பேசியிருக்கிறார். பிராட்லி மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பேட்ஸி கிளைன் குரலைப் பதிவு செய்து நமக்கு விட்டுவிட்டுப் போனவரே அவர்தான். ஆனாலும் அந்தச் சரணங்கள் காணாமல் போனதை என்னால் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. அந்த வீட்டில் எந்த அறையை நாம் பார்க்காமல் விட்டோமோ?

1969-ல் பதிவு, 1970-ல் வெளியீடு, நம்பர் ஒன். 1976-ல் அதே பெயரில் சுயசரிதை, 1980-ல் அதே பெயரில் படம். லொரெட்டாவாக நடித்த ஸிஸ்ஸி ஸ்பேஸக்கை, புகைப்படங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவர் லொரெட்டாதான். படத்தில் வரும் பாட்டுகளை ஸ்பேஸக் தன் குரலிலேயே பாடினார், ஆஸ்காரும் வாங்கினார்.

கேள்வி: வயதான பிறகு ஓய்ந்துவிட்டாரா?
– ஓய்வு பெற்ற தபால் ஊழியர்

பதில்: ஓயவில்லை. நடுவில் துக்கங்கள் வந்தன. நாஷ்வில்லுக்கு மேற்கே ஹரிகேன் மில்ஸ் என்ற இடத்தில் 1966-ல் வாங்கிய பண்ணையில்தான் வாழ்ந்தார். அங்கே ஓடும் ஆற்றில் 1984-ல் மூத்த மகன் மூழ்கி இறந்தார். அப்புறம் கணவர். ரேடியோக்கள் அவர் பாட்டைப் போடுவதையும் குறைத்துக்கொண்டன.

அந்தச் சமயத்தில் வந்தார் ஜாக் வைட். டெட்ராய்ட் ராக் இசைக்காரர், லொரெட்டாவின் பேரப்பிள்ளை வயது. அவருடைய குழு 2001-ல் ஓர் ஆல்பத்தை லொரெட்டாவுக்குக் காணிக்கை ஆக்கியிருந்தது. லொரெட்டா அவர்களை வீட்டுக்கு அழைத்து, தன் கையால் கோழிக்கறி சமைத்துப் போட்டார். அந்தப் பழக்கத்தில் பிறந்தது 2004-ல் வந்த 'வேன் லியர் ரோஸ்'. எல்லாப் பாட்டும் லொரெட்டா எழுதியது. எழுபத்திரண்டு வயது. இரண்டு கிராமி விருதுகள். 2013-ல் அதிபர் ஒபாமா கையால் சுதந்திரப் பதக்கம். 2017-ல் பக்கவாதம் வந்த பிறகும் பாடிப் பதிவு செய்தார். 2022 அக்டோபர் 4 அன்று, தொண்ணூறு வயதில், ஹரிகேன் மில்ஸ் வீட்டில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது.

கேள்வி: ஒன்றும் தெரியாதவள் நான். எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கட்டும்?
– அன்று கேள்வி கேட்ட அதே வாசகி

பதில்: நீங்கள்தான் இத்தனைக்கும் காரணம். நன்றி.

முதலில் 'யூ ஐன்ட் உமன் இனஃப்'. இரண்டரை நிமிஷம்கூட ஓடாது. வார்த்தை புரியாவிட்டாலும் அந்தக் குரல் யாரிடம் பேசுகிறது என்று புரிந்துவிடும். அப்புறம் 'ஒன்ஸ் ஆன் த வே'. இது ஷெல் சில்வர்ஸ்டீன் எழுதியது. பெரிய நகரத்துச் சீமாட்டிகள் விருந்துக்குப் போகிற நேரத்தில், வயிற்றில் ஒன்று, காலடியில் இரண்டு என்று தவிக்கும் ஒருத்தியின் பாட்டு. வீட்டு வேலைக்கு நடுவில் கேட்க இதைவிடப் பொருத்தமானது கிடையாது. பாடகர் கான்வே ட்விட்டியோடு சேர்ந்து பாடியவற்றில் 1971-ல் வந்த 'ஆஃப்டர் த ஃபயர் இஸ் கான்'.

பிறகு 'கோல் மைனர்ஸ் டாட்டர்'. அதை மட்டும் கையில் வேலை இல்லாத நேரத்தில் கேளுங்கள். கேட்டு முடித்ததும், 2021-ல் வந்த அவருடைய ஐம்பதாவது ஆல்பத்தில் அதே பாட்டைத் தேடிப் பாருங்கள். அதில் பாடவில்லை. எண்பத்தெட்டு வயதுக் குரலில், வரி வரியாகப் பேசுகிறார்.